முழங்கால் தேய்ந்த வேடன்

வேட்டையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆயுதத்திலிருந்து தொடங்குவார்கள். கல், ஈட்டி, வில், துவக்கு என்று அந்தக் கதை வளரும். ஆனால் மானைத் தேடிப் போகிறவனுக்கு ஆயுதத்துக்கு முன்னர் வேண்டியது கால். மேடு ஏற, பள்ளம் இறங்க, குந்தியிருந்து காத்திருக்க, முழந்தாளிட்டுக் குறிபார்க்க, சத்தமில்லாமல் எழும்ப முழங்கால் வேண்டும். அது தேய்ந்த பிறகு என்ன நடந்தது? கண் நன்றாக இருக்கிறது, கை நடுங்கவில்லை, காட்டின் ஒவ்வொரு தடமும் நினைவில் இருக்கிறது, முழங்கால் மட்டும் போய்விட்டது என்ற நிலையில் ஒரு வேடனுக்கு அவனுடைய கூட்டம் என்ன இடம் கொடுத்தது?

இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று, பனிக்குள் கிடந்த ஒரு மனிதரின் உடல்.

பனியில் கிடைத்தவர்

1991 செப்டம்பர் 19ஆம் திகதி, ஒஸ்திரியாவும் இத்தாலியும் தொடும் அல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 3,200 மீற்றர் உயரத்தில், மலையேறிகள் இருவர் உருகும் பனியில் ஓர் உடலைக் கண்டார்கள். அண்மைக்காலத்தில் விபத்தில் இறந்த ஒருவர் என்றே முதலில் நினைத்தார்கள். அவர் இறந்து 5,000 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது பிறகுதான் தெரிந்தது. கிடைத்த பள்ளத்தாக்கின் பெயரால் ஓட்ஸி என்று அழைக்கப்படும் அவர், இப்போது இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் குளிர் அறையொன்றில் இருக்கிறார்.

இறக்கும்போது அவருக்கு வயது ஏறத்தாழ 45. என் வயதுக்காரர். உயரம் 160 சென்ரிமீற்றர் அளவில். பக்கத்தில் யூ மரத்தில் செதுக்கிய, வேலை முடியாத நீளமான வில் கிடந்தது. அம்பறாத்தூணியில் 14 அம்புகள். அவற்றில் முற்றாகச் செய்து முடித்தவை இரண்டுதான். வயிற்றில் இருந்தது மலையாட்டு இறைச்சி, செம்மான் இறைச்சி, ஐன்கோர்ன் என்னும் பழைய கோதுமை. அவர் முழுநேர வேடரா, மேய்ப்பரா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமனப்படவில்லை. மான் இறைச்சி தின்றார், வில்லோடு மலையில் நடந்தார் என்பதில் சந்தேகம் இல்லை.

எக்ஸ்ரே படங்கள் இன்னொன்றையும் காட்டின. அவருடைய கீழ் முதுகு, முழங்கால், கணுக்கால் மூட்டுகள் தேய்ந்திருந்தன. உடலில் 61 பச்சைக் குறிகள் இருந்தன. தோலைக் கீறியோ குத்தியோ கரியைத் தேய்த்து உண்டாக்கிய சிறு கோடுகளும் சில சிலுவை வடிவங்களும் அவை. அழகுக்காகக் குத்தியவை என்றால் ஊரார் கண்ணில் படும் இடத்தில் இருந்திருக்கும். இவற்றில் பெரும்பாலானவை உடையால் மறையும் இடங்களில், கீழ் முதுகிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் இருக்கின்றன. வலது முழங்காலின் உட்பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி. வலிக்குச் செய்த வைத்தியமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

அந்த வைத்தியம் பலித்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். முதுகின் கீழ்ப்பகுதியில் வரிசையாகக் கோடு போடுவது தன் கையால் செய்யக்கூடிய வேலை அல்ல. யாரோ ஒருவர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, பொறுமையாகக் குத்தியிருக்கவேண்டும். 5,000 வருடங்களுக்கு முன்னர் மூட்டு தேய்ந்த ஒரு மனிதருக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருந்தது. அவரைக் கொன்றதும் இன்னொரு கைதான்: இடது தோளில் தைத்திருந்த அம்புமுனையை 2001இல் கண்டுபிடித்தார்கள்.

ஓடாமல் பிடித்தவர்கள்

நான் வசிக்கும் ஸ்டோவ்னர், ஒஸ்லோவின் வடகிழக்கு ஓரத்தில், குரூருட் பள்ளத்தாக்கின் மேட்டில் இருக்கிறது. மாடிக் குடியிருப்புகள் முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடும். பனிக்காலத்தில் அங்கே நடக்கப் போனால் எல்க் மானின் குளம்படிகளைக் காணலாம். எல்க் மான் குடும்பத்திலேயே பெரியது. வளர்ந்த கடா 400 கிலோவைத் தாண்டும். வன்னிக் காட்டு மரையைப் பெரிய மான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதை மான் என்று அழைக்க வாய் வராது. பிரித்தானியர் காலத்து இலங்கையில் வெள்ளைக்கார வேட்டைக்காரர் நம் மரையைத்தான் 'எல்க்' என்று அழைத்தார்கள். சாமுவேல் பேக்கரின் வேட்டை நூலிலும் அந்தப் பெயர்தான் வருகிறது.

இந்த நகரத்தில் மான் வேட்டையின் பழைய தடயம் ஏக்கபெர்க் சரிவில் இருக்கிறது. மாலுமிப் பாடசாலைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் 1915இல் கண்டெடுத்த பாறைச் செதுக்கல்கள் அவை. பெரும்பாலும் எல்க் அல்லது மான் உருவங்கள். கற்காலத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட உயரமாக இருந்தபோது, கரையை ஒட்டி வாழ்ந்தவர்கள் செதுக்கியவை.

ஆனால் நோர்வேயின் பழைய மான் வேட்டையில் பெரும் பங்கு துரத்திப் பிடித்தது அல்ல, குழியில் விழுத்தியது. எல்க் வருடந்தோறும் போய்வரும் தடங்களுக்குக் குறுக்கே வரிசையாகக் குழி வெட்டி, இடையில் மரவேலி கட்டி, குழியின் வாயைக் கொப்பாலும் பாசியாலும் மூடிவிடுவார்கள். வேலி மிருகத்தைக் குழிப்பக்கம் திருப்பும். மலைப்பீடங்களில் கலைமானுக்குக் கல் அடுக்கிய குழிகள். நாடு முழுவதும் இப்படி ஆயிரக்கணக்கான குழிகள் பதிவாகியிருக்கின்றன. பல இரும்புக் காலத்தையும் மத்திய காலத்தையும் சேர்ந்தவை.

முழங்காலின் பக்கம் நின்று பார்த்தால் குழி ஒரு பெரிய கண்டுபிடிப்பு. வெட்டுவதற்கு இளையோர் வேண்டும். எங்கே வெட்டுவது என்று சொல்வதற்கு முப்பது நாற்பது இலையுதிர் காலங்களைக் கண்டவர் வேண்டும். எந்தச் சதுப்பைச் சுற்றிப் போகும், எந்த வருடம் தடம் மாறும் என்பது முதியவருடைய தலையில் இருந்த அறிவு. எழுத்துச் சான்று இல்லாவிட்டாலும், அந்த வரிசைகளை நிர்ணயித்ததில் ஓட முடியாதவர்களுக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

1863ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் எல்க் குழிகளைத் தடைசெய்தது. அதன் பிறகு வேட்டை மறுபடி காலையும் நாயையும் துவக்கையும் நம்பியது. முழங்கால் தேய்ந்தவருக்கு வேறு ஓர் இடம் கண்டுபிடிக்கவேண்டி வந்தது.

போஸ்ட்

அந்த இடத்துக்கு நோர்வீஜியர் 'போஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதை விளக்கியவர் என்னோடு வேலை செய்யும் ஒருவர். ஹெட்மார்க் காட்டுப் பக்கத்தில் பிறந்தவர், அறுபதைக் கடந்தவர். செப்டம்பர் 25ஆம் திகதி எல்க் பருவம் தொடங்கினால் அவருடைய விடுப்பும் தொடங்கிவிடும். எந்த மென்பொருள் வெளியீடும் அவரைத் தடுக்காது.

எல்க் வேட்டை குழுவாகச் செய்யப்படுவது. குழுவுக்கு ஒரு தலைவர். நாயோடு காட்டுக்குள் போகிறவர் ஒருவர் அல்லது இருவர். மற்றவர்கள் மிருகம் கடக்கக்கூடிய இடங்களில் தனித்தனியாக அமர்ந்து காத்திருப்பார்கள். அந்த இடம்தான் போஸ்ட். சில இடங்களில் மரத்தால் கட்டிய கோபுரமும் இருக்கும். நம் ஊரில் தினைப்புனத்துக்கும் சேனைக்கும் கட்டிய பரணின் தம்பி அது. நாயோடு போகிறவர் ஒரு நாளில் பல கிலோமீற்றர் சதுப்பும் பாறையும் கடப்பார். போஸ்டில் இருப்பவர் அசையாமல் இருக்கவேண்டும். எத்தனை மிருகம், எந்த வயது, எந்தப் பால் என்பதெல்லாம் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட கணக்கு. 1999இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 39,000 எல்க் சுடப்பட்டன, அதுதான் உச்சம். பிறகு அந்த எண்ணிக்கை குறைந்து, மேற்குக் கரையின் செம்மான் முந்திவிட்டது.

என் சக ஊழியர் முப்பது வருடம் நாயோடு போனவர். வலது முழங்கால் வீங்கத் தொடங்கிய பிறகும் இரண்டு பருவம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாராம். மூன்றாம் வருடம், காட்டுப் பாதையிலிருந்து 200 மீற்றர் தள்ளிய ஒரு போஸ்டைக் குழுத் தலைவர் எதுவும் பேசாமல் வரைபடத்தில் காட்டினார். நாய் அவருடைய மருமகளின் கைக்குப் போனது. அந்த முதல் நாள் வெட்கமாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

பிறகு அந்த இடத்துக்கு என்று ஒரு தொழில்முறையைக் கற்றுக்கொண்டார். எல்லாருக்கும் ஒரு மணி நேரம் முன்னர் புறப்படுகிறார். மெதுவாக நடந்தால் வியர்க்காது, வியர்க்காவிட்டால் இருக்கும்போது விறைக்காது. இரு கையிலும் ஊன்றுதடி. பதிவான மடக்குக் கதிரையை விட்டு உயரமானதை வாங்கினார். பதிவில் இருந்து எழும்பும் நொடியில்தான் முழங்கால் காட்டிக்கொடுக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்குகிறார். முழந்தாளிட்டுச் சுடுவதைக் கைவிட்டு, முக்காலித் தடியில் துவக்கைத் தாங்கிச் சுடப் பழகினார். ஏறுவதற்கு நேர்வழி, இறங்குவதற்குச் சுற்றுவழி. தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கொடியது என்பதை யாரும் அவருக்குப் படிப்பித்திருக்கத் தேவையில்லை.

சட்டமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. பெரிய மிருகம் வேட்டையாடுகிறவர் ஒவ்வொரு வருடமும் சுடும் தேர்வில் தேறவேண்டும்: 100 மீற்றர் தூரத்தில் உள்ள மிருக உருவத்தில் ஐந்து வெடி, ஐந்தும் குறித்த பகுதிக்குள். அதற்கு முன்னர் முப்பது பயிற்சி வெடிகள். எந்த நிலையில் இருந்து சுடுவது என்பது சுடுகிறவரின் விருப்பம். அந்தத் தேர்வு கண்ணையும் கையையும் கேட்கிறது. எத்தனை கிலோமீற்றர் நடப்பாய் என்று கேட்பதில்லை. சுட்ட எல்க்கைக் காட்டிலிருந்து இழுத்துவர இலகு வாகனம் பயன்படுத்தவும் அனுமதி உண்டு.

அவருடைய குழுவில் இறைச்சி சமபங்கு. நாயோடு இருபது கிலோமீற்றர் நடந்தவருக்கும், எட்டு மணி நேரம் கதிரையில் இருந்து எதையும் காணாதவருக்கும் ஒரே அளவு. வயதானவருக்கு இரங்கிக் கொடுப்பது அல்ல அது. அவர் அங்கே இருந்தபடியால்தான் எல்க் அந்தப் பக்கம் போகாமல் மற்றவரிடம் போனது என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

கத்தியும் பயிற்சியும்

மூட்டையே மாற்றிவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். செயற்கை முழங்கால் 1970களில் இருந்து நன்றாக வளர்ந்த வைத்தியம். நோர்வே 1987இல் செயற்கை மூட்டுகளுக்குத் தேசியப் பதிவேடு ஒன்றை பேர்கனில் தொடங்கியது. முதலில் இடுப்பு, 1994இல் முழங்காலும் சேர்ந்தது. எந்த மூட்டு எத்தனை வருடம் நிலைக்கிறது, எது சீக்கிரம் கழல்கிறது என்பது இன்று இங்கே கணக்கில் இருக்கிறது. வலி நீங்கி மறுபடி காட்டுக்குப் போனவர்கள் பலர். ஆனால் மாற்றிய முழங்காலில் முழந்தாளிடுவது பலருக்குச் சங்கடம். நம்மவர்க்குச் சம்மணமும் குந்தலும் அப்படித்தான்.

அந்த நிலைக்கு வருமுன்னர் செய்யக்கூடியது பற்றி நோர்வீஜிய ஆய்வாளர்கள் 2016இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். நடுவயதில் முழங்கால் சவ்வு தேய்ந்து கிழிந்த 140 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் துளைவழிச் சத்திரசிகிச்சை, மற்றவர்களுக்குப் பன்னிரண்டு வாரத் தசைப் பயிற்சி. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பகுதியினரின் நிலையிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தொடைத் தசையைப் பலப்படுத்துவது கத்தியோடு போட்டி போடுகிறது. என் சக ஊழியர் மாசி மாதமே பயிற்சி தொடங்கிவிடுவார். வருகிற செப்டம்பரில் தனக்கு ஒரு போஸ்ட் காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். காத்திருக்க ஓர் இடம் இல்லாதவர் எதற்காகத் தினமும் காலைத் தூக்கி இறக்குவார்?

கூட்டம் இல்லாத வேடன்

கூட்டம் இல்லாத வேடனுக்கு என்ன நடக்கும் என்பதற்கு ஜிம் கோர்பெட்டின் குமாவோன் காடு சாட்சி. அங்கே மான் வேட்டையில் கைதேர்ந்தது புலி. 1907இல் கோர்பெட் சுட்ட சம்பாவத் புலிக்கு வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துவக்குக் காயம். முக்தேசர் புலி முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்திருந்தது; முன்னங்காலில் ஏறத்தாழ ஐம்பது முட்கள். மானைப் பாய்ந்து பிடிக்க முடியாமல் போன பிறகுதான் அவை மனிதரிடம் வந்தன. புலி தனித்து வேட்டையாடும் மிருகம். போஸ்டில் அமர்த்த அதற்கு யாரும் இல்லை, பங்கு வைக்கவும் யாரும் இல்லை. கோர்பெட் தன் 63ஆவது வயதில், 1938இல், தக் கிராமத்து ஆட்கொல்லியைச் சுட்டார். அவருக்கு ஊர் இருந்தது, தடம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், ஏறியிருக்க மரம் இருந்தது.

நாகனின் நாள்

நம்முடைய இலக்கியத்திலும் இப்படி ஒரு முதிய வேடர் இருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், கண்ணப்ப நாயனாரின் தந்தை நாகன். கண்ணப்பர் கதையில் நாம் கண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் கதை ஒரு தந்தையின் மூப்பில் தொடங்குவதை மறந்துவிடுகிறோம்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரின் வேடர் தலைவன் நாகன். மனைவி தத்தை. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் முருகனை வேண்டிப் பெற்ற மகன் திண்ணன். நாகனுக்கு வயதாகிறது. வேட்டை ஒழுங்காக நடக்காததால் காட்டு மிருகங்கள் பெருகி விளைநிலத்தை அழிக்கின்றன. வேடர்கள் திரண்டு வந்து முறையிடுகிறார்கள். நாகன் சாக்குச் சொல்லவில்லை. தனக்கு மூப்பு வந்துவிட்டது, முன்போல வேட்டையில் முயல முடியவில்லை, இனி என் மகனைத் தலைவனாகக் கொள்ளுங்கள் என்கிறான். தேவராட்டி என்னும் முதிய பூசாரிப் பெண்ணை அழைத்துச் சடங்கு செய்கிறார்கள். தலைமைக்கு அடையாளமான தோலுடையும் சுரிகையும் மகனிடம் போகின்றன.

இது ஒரு நல்ல கைமாற்றம். தன்னால் முடியாது என்பதைத் தானே, ஊரறிய, உரிய நேரத்தில் சொன்ன தலைவன். ஆனால் திண்ணன் தன் முதல் வேட்டையிலேயே ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு நாணனோடும் காடனோடும் வெகுதூரம் போய், காளத்தி மலையில் சிவனைக் கண்டு, அங்கேயே நின்றுவிடுகிறான். செய்தி கேட்டு நாகனும் தேவராட்டியும் அங்கே வருகிறார்கள், எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறார்கள், அவன் அசையவில்லை. அவர்கள் திரும்பிப் போகிறார்கள். கதை அதற்குப் பிறகு உடுப்பூர்ப் பக்கம் திரும்புவதில்லை.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற நமக்கு அந்தத் தந்தையின் பக்கம் கண் போகாமல் இருக்க முடியாது. பொறுப்பைக் கொடுத்த கையோடு மகன் தூரத்தில் வேறு ஒரு மலையில் தன் வாழ்வைக் கண்டுவிடுகிறான். மகன் செய்தது பிழை என்று சேக்கிழார் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாமெல்லாரும் ஏதோ ஒரு காளத்தியில் நின்றுவிட்டவர்கள்தான்.

நம்முடைய முழங்கால்கள்

1956இல் அந்தோனி ராஜேந்திரம் நோர்வேக்கு வந்ததிலிருந்து நம்மவரின் கதையைத் தொடங்குவது வழக்கம். பெருந்தொகையானோர் வந்தது எண்பதுகளில். பலர் வடக்கே பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் குளிர்ந்த சீமெந்துத் தரையில் நின்று மீன் வெட்டினார்கள். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறி, அலுவலகங்களின் படிகளைத் துடைத்தார்கள், சமையலறைகளில் நின்றார்கள். அந்தத் தலைமுறை இப்போது ஓய்வுக்கு வந்துவிட்டது. அம்மருட் சிவசுப்பிரமணியர் ஆலயத்தில் சுவரோரக் கதிரைகள் நிரம்புவதைப் பார்த்தால் தெரியும். நிலத்தில் இருந்து எழும்ப முடியாதவர்களின் வரிசை அது.

நாம் அவர்களைக் கவனிக்காமல் விடவில்லை. மருந்து எடுத்துக் கொடுக்கிறோம், வைத்தியரிடம் மொழிபெயர்க்கிறோம், மாடிப்படி இல்லாத வீட்டுக்கு மாற்றுகிறோம். ஓட்ஸிக்குக் கோடு குத்திய கை நம்மிடம் இருக்கிறது. எங்களிடம் குறைவாக இருப்பது போஸ்ட். அவர் அமர்ந்திருப்பதால் நடக்கும் காரியம் ஒன்று, அவர் வராவிட்டால் ஓர் இடைவெளி விழும் இடம் ஒன்று. ஆலயத்தில் பூக்கட்டுகிற பெண்களுக்கு அது இருக்கிறது. ஒரு நாள் வராவிட்டால் தேடுவார்கள். தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் முன்வரிசையில் இருத்தி மாலை போடுகிற ஐயாவுக்கு அது இல்லை. விருந்தாளிக்கு மரியாதை உண்டு, பங்கு இல்லை.

ஸ்டோவ்னரில் 2017இல் ஒரு நடைகோபுரம் கட்டினார்கள். 15 மீற்றர் வரை உயர்ந்து, 260 மீற்றர் நீளத்துக்கு வளைந்து வளைந்து போகும் பாதை. ஒரு படிகூடக் கிடையாது, சக்கரநாற்காலியும் போகலாம். மேலே நின்றால் பள்ளத்தாக்கும் நகரமும் தெரியும். கோடை மாலைகளில் நம் முதியவர்கள் கைத்தடியோடு மெதுவாக ஏறுவதைக் காண்கிறேன். ஏறுவதற்கு வழி செய்தால் அவர்கள் ஏறுகிறார்கள். மேலே போனவருக்கு அங்கே ஒரு வேலை வைத்திருக்கிறோமா என்பதுதான் மிச்சக் கேள்வி.

நாகன் காளத்தியிலிருந்து திரும்பிய வழியைச் சேக்கிழார் பாடவில்லை. மகனைக் கூட்டிவர வந்த தந்தை, வேட்டையில் முயல முடியாத அதே கால்களோடு, மகன் இல்லாமல் அந்த மலைநாட்டை விட்டு இறங்கிப் போயிருக்கவேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கொடியது. பக்கத்தில் தேவராட்டி இருந்தாள் என்பது ஓர் ஆறுதல்.